புதன் வட்டத்துச் சீட்டு

ஜூன் 19, புதன்

கல்லூரி ஆட்சிக்குழுக் கூட்டம். செயலர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒன்பது ஓட்டில் ஐந்து தில்லைநாயகத்துக்கு. அந்த ஐந்தில் ஒன்று என்னுடையது. ஆசிரியர்கள் சார்பாக அந்த மேசையில் உட்காருகிற ஒரே ஆள் நான்தான்.

பழைய செயலர் தங்கமான மனிதர். ஆனால் அவர் காலத்தில் பெண்கள் கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வர மூன்று வருடம் ஆனது. தில்லைநாயகம் மஸ்கட்டில் இருபது வருடம் பாலம் கட்டிவிட்டு ஊர் திரும்பியவர். பேச்சு குறைவு. "ஒரு மாசம் குடுங்க மேடம்" என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் வந்து சொன்னதும் இவர் கேட்டார், "ஒனக்கு அந்த ஆளத் தெரியுமா வடிவு?"

"தெரியாது. வேலை நடக்கும்னு தோணிச்சு."

"ஒங்க அமெரிக்கக்காரரு அப்படித்தான் சொல்லியிருக்காராக்கும்?"

முப்பது வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியதில், மின்வாரியத்தில் கம்பம் ஏறிக்கொண்டிருந்த மனிதருக்கும் என் தத்துவவாதி அத்துப்படி. நான் முனைவர் பட்டம் வாங்கியதே அந்த அமெரிக்கரைப் பற்றித்தான். ஜனநாயகம் என்பது ஓட்டுப்பெட்டி மட்டுமல்ல, கூடி வாழ்கிறவர்களின் அன்றாடப் பழக்கம் என்பது அவர் கட்சி. தாராளவாதம் என்றால் அவருக்குக் கொள்கை முழக்கம் அல்ல; இன்னொருத்தர் வலிக்குப் பழகிப்போகாமல் இருப்பது. ஒரு கருத்து உண்மையா என்று அறிய அது என்ன செய்கிறது என்று பார்க்கச் சொல்வார். அப்படிப் பார்த்தால் தாழ்ப்பாள் ஒரு நல்ல வாதம்தான். மாவு அரைக்கக் கிடக்கிறது, போகிறேன்.

ஜூலை 3, புதன்

இந்த வருடத்தின் முதல் புதன் வட்டம். இருபத்திரண்டு வருடமாக நான் நடத்துகிறேன். புதன்கிழமை மூன்று மணி, தத்துவத்துறை அறை, ஒரு தலைப்பு, ஊறுகாய் பாட்டிலில் சீட்டு. சீட்டில் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் பேச வேண்டும். நீங்கள் உயிரே போனாலும் ஒப்புக்கொள்ளாத பக்கமாக இருந்தாலும் சரி, எதிராளி வியக்கும்படி பேச வேண்டும். "இது என் கருத்து இல்லை" என்று மட்டும் சொல்லக்கூடாது. சொன்னால் வந்திருக்கும் அத்தனை பேருக்கும் கேன்டீன் வடை. இதுவரை ஒருத்தர்கூட வடை வாங்கியதில்லை. எனக்கு அதில் பெருமை உண்டு.

இன்று ஆசிரியர், மாணவர் சேர்த்துப் பதினோரு பேர். இசக்கித்துரை 'பொய் சொல்வது கடமை' என்ற சீட்டை எடுத்துவிட்டு வேர்த்து விறுவிறுத்துப் பேசினார். அந்த மனிதர் பொய் சொல்லிப் பிழைக்கத் தெரியாதவர். நம் துறையில் ஒன்பது வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். 'வாகனங்களை உருட்டிச் செல்லவும்' என்று எந்தக் காலத்திலோ எழுதிப்போட்ட பலகைக்கு மரியாதை கொடுத்து, கேட்டிலிருந்து கொட்டகை வரை மோட்டார் பைக்கைத் தள்ளிக்கொண்டு போகிற ஒரே ஆத்மா. இந்த வருடம் அவருக்கு நிரந்தர ஆணை வந்துவிடும். கோப்பு செயலர் மேசையில் இருக்கிறது.

குறிப்பேடு எழுதுவது நான். பேசியவர் பெயர், பேசிய வாதம், அவ்வளவுதான். முகம் பாராமல் வாதத்தைப் பார்க்க வேண்டும் என்பதால் சீட்டு விவரம் எழுதுவதில்லை. ஒரு தடவை அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு இவர், "யாரு என்ன சீட்டு எடுத்தாங்கன்னும் ஓரத்துல எழுதலாம்லா?" என்றார்.

"வாதத்துக்கு என்னத்துக்கு ஜாதகம்?" என்று கேட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

தாழ்ப்பாள் வந்துவிட்டது. குழாயில் தண்ணீரும் வருகிறது. அறிவிப்புப் பலகைக்குக் கண்ணாடிக் கதவு போட்டுச் சின்னதாக ஒரு பூட்டும் தொங்குகிறது. சாவி செயலர் அறையில். ஆசிரியர் மன்றக் கூட்டம் 'நிர்வாக வசதிக்காக' ஒத்திவைப்பு என்று அந்தக் கண்ணாடிக்குள்தான் தெரிந்தது. ஆடி பிறந்துவிட்டது, யாருக்கு இப்போது கூட்டம் கூட்ட நேரம் இருக்கிறது?

ஆகஸ்ட் 7, புதன்

செயலர் வட்டத்துக்கு வந்தார்! கடைசி வரிசையில், பையன்களோடு பையனாக உட்கார்ந்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு செயலர் நம் வட்டத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை.

"இன்னைக்குத் தலைப்பு நான் தரலாமா மேடம்?"

"தாராளமா."

"மாணவர்கள் விதியை மீறலாமா?"

பாட்டிலையும் அவரே வாங்கிக் குலுக்கி ஒவ்வொருத்தரிடமாக நீட்டினார். இசக்கித்துரைக்கு 'மீற வேண்டும்'. சீட்டைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைக் கண்டு நான் சிரித்துவிட்டேன். செயலரும் சிரித்தார். ஆனால் பேச ஆரம்பித்ததும் அறை அமைதியானது. கடைசியில் ஒரு வரி சொன்னார்: "கேட்காமல் போட்ட பூட்டைத் திறக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை." மாணவி மாரிச்செல்வி கை தட்டினாள். முதலில் கை தட்டியது செயலர்தான் என்று ஞாபகம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

செயலர் குறிப்பேட்டைக் கேட்டு ஆள் அனுப்பினார். இருபத்திரண்டு வருடத்தில் நிர்வாகத்தில் ஒருத்தருக்காவது அதைப் படிக்கத் தோன்றியதே என்று, அட்டையைத் துடைத்துக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் ஆண்டு வகுப்பில் இசக்கித்துரையின் அந்த வரியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஒரு வாதம் எப்படி நிற்க வேண்டும் என்பதற்கு உதாரணம். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 21, புதன்

குறிப்பேடு திரும்பி வந்தது. நடுநடுவே ஓரத்தில் பென்சில் டிக். மெல்லிய டிக், பரீட்சைத் தாளில் போடுவதுபோல. வாத்தியார் புத்தி, எதற்கு மதிப்பெண் விழுந்திருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். நல்ல வாதத்துக்கும் இருக்கிறது, அசட்டு வாதத்துக்கும் இருக்கிறது. ஒரு ஒழுங்கும் பிடிபடவில்லை.

வட்டத்துக்கு இன்று நாலே பேர். வேதியியல்காரருக்குத் தலைவலி, ஆங்கிலத்துறை அம்மாவுக்கு மாமியார் வந்திருக்கிறாராம். வர வர எல்லாருக்கும் சாக்குச் சொல்லத் தெரிந்துவிட்டது. கேஸ் சிலிண்டர் வந்தது.

செப்டம்பர் 4, புதன்

புது விதி. நாலு மணிக்கு மேல் நூலகத்தில் மாணவிகள் இருக்கக்கூடாது. பாதுகாப்புக்காகவாம். யாரையும் கேட்கவில்லை. மூன்று மணிக்கு வட்டத்தில் இசக்கித்துரையும் நானும் மட்டும் இருந்தோம், அதனால் சீட்டு எடுக்கவில்லை. சும்மா பேசிக்கொண்டிருந்தோம்.

"மேடம், நீங்க ஆட்சிக்குழுல இருக்கியல்லா. ஒரு வார்த்தை கேக்கலாமே?"

"கேக்கேன். நேரம் பாத்துக் கேக்கேன். எடுத்தவுடனே முறைச்சிக்கிட்டா உள்ள இருந்து என்ன செய்ய முடியும்?"

சரி மேடம் என்று தலையை ஆட்டினார். எதற்கும் சரி மேடம்தான்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். மாணவிகள் அறுபது எழுபது பேர் கேட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு கல் விழவில்லை, கூச்சலும் இல்லை, புத்தகத்தை விரித்துவைத்துப் படித்தார்கள். அட்டையில் பெரிய எழுத்தில்: கேட்காமல் போட்ட பூட்டைத் திறக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. எங்கோ கேட்ட வரியாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

எனக்கு ஒரு பேனா தந்தார்கள். மற்ற ஆசிரியர்களுக்கும் அதே பேனாதான்.

செப்டம்பர் 9, திங்கள்

இசக்கித்துரைக்கு நோட்டீஸ். மாணவிகளைத் தூண்டிவிட்டதாகக் குற்றச்சாட்டு. ஆதாரம், புதன் வட்டக் குறிப்பேடு, ஆகஸ்ட் 7, பக்கம் 41, பென்சில் டிக் விழுந்த வரி, என் கையெழுத்தில். விசாரணைக் குழுவில் மூன்று பேர்: செயலர், முதல்வர், ஆசிரியர் பிரதிநிதி. ஆசிரியர் பிரதிநிதி என்றால் நான்.

இவரிடம் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்தார். "அந்த ஆளுதான பாட்டிலக் குலுக்கினாருன்னு சொன்ன?" என்றார்.

"ஆமா."

"அப்ப அவருக்கே தெரியும்லா."

தெரியும். தெரிந்தும் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

காலையில் இசக்கித்துரையும் அவர் மனைவியும் வந்தார்கள். தெருமுனையிலேயே பைக்கை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். எங்கள் தெருவில் பலகை ஒன்றும் கிடையாது. காப்பி கொடுத்தேன். அவர் மனைவி உலகம்மாள் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"மேடம், பெருசா ஒண்ணும் கேக்கல. அது சீட்டுல வந்த பக்கம்னு மட்டும் சொல்லிருங்க. ஒரே ஒரு வார்த்தை. நீங்க சொன்னா செல்லும்."

"சொல்லாம? நான் வச்ச வழக்கம்லா அது. நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா?"

"இந்த வேலை போனா வேற காலேஜுலயும் எடுக்க மாட்டாங்க மேடம்" என்றாள் உலகம்மாள். "பிள்ளைகளத் தூண்டிவிட்டவருன்னு பேரு வந்துரும். ஒம்பது வருசம் இதுக்காகத்தான் இருந்தாங்க."

"கவலப்படாத தாயி. நான் இருக்கேன்."

மனசாரத்தான் சொன்னேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சாயங்காலம் செயலர் போனில் கூப்பிட்டார். நலம் விசாரித்தார். மாணவர் குறைவாக உள்ள துறைகளை மூடுவது பற்றி ஆட்சிக்குழுவில் பேச்சு வந்திருக்கிறதாம். "தத்துவத்துறைய நான் விட மாட்டேன் மேடம். நாம ஒரு குடும்பம்லா" என்றார். கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 18, புதன்

விசாரணை முடிந்தது. மழை. உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

இவர் எதுவும் கேட்கவில்லை. அது பெரிய உபகாரம். மோட்டார் பழுது, ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான்.

செப்டம்பர் 20, வெள்ளி

எழுதித் தொலைத்தால் தேவலை.

புதன் மூன்று மணிக்குத்தான் விசாரணையை வைத்திருந்தார்கள். வட்டம் கூடுகிற அதே நேரம். குறிப்பு எழுதியவள் நான் என்பதால் என் முன்னால் ஒரு தாள். ஐந்து கேள்வி, எதிரே இரண்டு கட்டம்: ஆம், இல்லை. முதல் கேள்வி, 'மேற்படி வாசகத்தை விரிவுரையாளர் இசக்கித்துரை கூறினாரா?'

"சார், அது வந்து, வட்டத்துல ஒரு வழக்கம் உண்டு..." என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தேன், அது சத்தியம்.

"வழக்கம் பத்தி இதுல கேள்வி இல்ல மேடம்" என்றார் செயலர், தன்மையாக. "சொன்னாரா, சொல்லலையா? உள்ளத மட்டும் சொல்லுங்க. பொய் சொல்லச் சொல்லல."

முதல்வர் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இசக்கித்துரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயமெல்லாம் இல்லை அந்த முகத்தில். நான் சொல்லிவிடுவேன் என்ற நிச்சயம்தான் இருந்தது.

ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பேனா எழுதவில்லை, உதறி இன்னொரு தடவை போட்டேன். ஆசிரியர் தினத்தன்று கொடுத்த பேனா.

ஐந்தாவது கேள்வி, 'இவ்வாசகம் மாணவரிடையே பரவ வேறு எவரேனும் காரணமா?' இல்லை.

அவர் சொன்னது நிஜம்தானே. சொல்லாததைச் சொன்னதாக நான் சொல்லவில்லையே. உலகத்தில் எந்தக் கோர்ட்டிலும் அதற்குப் பெயர் உண்மை. துறை மூடிப்போனால் நாற்பது பிள்ளைகள் எங்கே போவார்கள்? நான் உள்ளே இருந்தால்தான் அடுத்த ஆளையாவது காப்பாற்றலாம். இதையெல்லாம் அவரிடம் சொல்லலாம் என்று வெளியே வந்தேன். மழையில் நனைந்துகொண்டு கேட் வரைக்கும் பைக்கைத் தள்ளிக்கொண்டு போனார். காவல்காரர்கூட "ஏறிப் போங்க சார், மழ பெய்யிதுல்லா" என்று கத்தினார். அவர் ஏறவில்லை.

என்னால் கூப்பிட முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

செப்டம்பர் 24, செவ்வாய்

மூன்றாம் ஆண்டு வகுப்பு. பாடத்திட்டப்படி 'உண்மை'. வருடா வருடம் எடுக்கிற பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். சொற்கள் நடந்ததோடு ஒத்துப்போவது மட்டும் உண்மை ஆகிவிடாது. அந்தச் சொல் போய் என்ன செய்கிறது, யாரை எங்கே கொண்டு நிறுத்துகிறது, அதையும் சேர்த்துத்தான் அமெரிக்கர் உண்மை என்பார்.

மாரிச்செல்வி எழுந்தாள். அவளையும் ஒரு வாரம் வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள், நேற்றுத்தான் வந்திருக்கிறாள்.

"மேடம், நீங்க போட்ட டிக் உண்மையா?"

நான் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

"அது வேற விஷயம். ஒக்காரு."

"ஒக்காருதேன் மேடம். அந்த வரிய போர்டுல எழுதிப் போட்டது நீங்கதான? நாங்க அதப் பாத்துத்தான் அட்டையில எழுதினோம். இசக்கித்துரை சார் எங்ககிட்ட ஒரு வார்த்தகூடப் பேசல. இத நாங்க எழுதிக் குடுத்தோம் மேடம், கண்ணாடிப் பலகையில ஒட்டக்கூட விடல."

மூலையில் புதிதாகப் பொருத்திய கேமராவைத்தான் நான் முதலில் பார்த்தேன். பிறகுதான் அவளைப் பார்த்தேன். "பாடத்துல கேள்வி இருந்தா கேளு" என்றேன். அவள் உட்கார்ந்து நோட்டை மூடிவிட்டாள். ஒருத்தர் பின் ஒருத்தராக எல்லாரும் மூடினார்கள். மணி அடிக்க இருபது நிமிடம் இருந்தது.

இசக்கித்துரைக்கு இன்று பணிநீக்க ஆணை போயிருக்கிறது. எல்லாக் கல்லூரிகளுக்கும் நகல்.

செப்டம்பர் 25, புதன்

மூன்று மணிக்குப் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தேன். யாரும் வர மாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

மூன்று ஐந்துக்குச் செயலர் வந்தார். கையில் புது நோட்டு, நல்ல கெட்டி அட்டை.

"யாரும் இல்லியா மேடம்?"

"இல்ல சார். இன்னைக்கு விட்டுரலாம்."

"எதுக்கு விடணும்? நாம ரெண்டு பேரு இருக்கோம்லா. நல்ல வழக்கம், நிக்கக்கூடாது." எனக்கு எதிரே உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். "இனிமே குறிப்பு நான் எழுதுதேன். ஒங்களுக்கு வேலை மிச்சம்."

தலைப்பையும் அவரே எழுதினார்: இசக்கித்துரை விசாரணை நேர்மையாக நடந்ததா? இரண்டு சீட்டு கிழித்து, மடித்து, பாட்டிலில் போட்டுக் குலுக்கி என்னிடம் நீட்டினார். என் கை பாட்டிலின் கழுத்தில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது.

பிரித்தேன். 'நடக்கவில்லை.'

பக்கத்தின் உச்சியில் என் பெயரை முத்து முத்தாக எழுதிவிட்டு நிமிர்ந்தார். "சொல்லுங்க மேடம். எதிராளி அசந்து போகணும். ஒங்க விதிதான்."

என்னிடம் எல்லாம் இருந்தது. சீட்டில் வந்த பக்கத்தை அவர் தலையில் கட்டினீர்கள் என்று சொல்லலாம். பாட்டிலைக் குலுக்கியது இதே கைதானே என்று கேட்கலாம். கரும்பலகையில் எழுதியது நான், ஐந்தாவது கேள்விக்கு நான் எழுதியது பொய் என்று சொல்லலாம். உலகம்மாள் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன காப்பியைப் பற்றிக்கூடச் சொல்லலாம். இத்தனை வருடத்தில் எனக்கு வந்த சீட்டுகளிலேயே நான் முழு மனதாக நம்புகிற பக்கம் இது ஒன்றுதான். அவர் பேனா முனை தாளைத் தொட்டுக்கொண்டு காத்திருந்தது.

"இது என் கருத்து இல்ல" என்றேன்.

செயலர் ஒரு நொடி பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அதை எழுதிக்கொண்டார், கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு நோட்டைத் திருப்பினார். போட்டேன்.

"அப்ப வடை ஒங்க பாடு மேடம்!"

நானே கேன்டீனுக்குப் போய் இரண்டு வடை வாங்கி வந்தேன். இலையில் சட்னி வழியாமல் பார்த்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றை என் பக்கம் தள்ளினார்.

சூடாகத்தான் இருந்தது. தின்றேன்.